படத்துப் புகை

சென்ற மாதம் எங்கள் பழைய அரசாங்க வரைபட அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். அழைப்பிதழில் ‘உங்கள் அனுபவங்களைக் கேட்க ஆவலாக இருக்கிறோம்’ என்று போட்டிருந்தது. அதை நம்பி ஈசூனிலிருந்து ரயிலேறிப் போனேன். அங்கே ஓர் இளம் பெண் அதிகாரி கணினித் திரையை விரலால் தடவித் தடவி ஒரு முழுக் கட்டடத்தையே எழுப்பிக் காட்டினாள். ஜன்னல் பிடிக்கவில்லை என்றால் ஒரு தட்டு தட்டுகிறாள், ஜன்னல் போய்விடுகிறது.

“அங்கிள், உங்க டைம்ல தப்பா வரைஞ்சிட்டா எப்படி அன்டூ பண்ணுவீங்க?” என்று கேட்டாள்.

“சவர பிளேடால சுரண்டுவோம்மா.”

விழுந்து விழுந்து சிரித்தாள். கிழவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. சுரண்டாமல் விட்ட ஒரு தப்பைப் பற்றிச் சொல்லலாமே என்று நான் வாயைத் திறந்த நேரம் பார்த்துக் கறிபப் பலகாரத் தட்டு வந்தது. ஆவல் அத்துடன் முடிந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். இதைப் படிப்பவர்கள் கையில் கறிபப் இருக்காது என்று நம்புகிறேன்.

நான் டிரேசராகச் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். டிரேசர் என்றால், பெரியவர்கள் வரைந்த வரைபடத்தின் மேல் ஒளி ஊடுருவும் துணியை விரித்து, அடியில் தெரிவதை மையால் படியெடுப்பவன். சொந்த மூளைக்கு வேலையே இல்லாத வேலை. முதல் ஆண்டு முழுக்க நேர்கோடு போட்டேன். இரண்டாம் ஆண்டு எழுத்துகள். மூன்றாம் ஆண்டு என்னை நம்பி ஒரு கழிவுநீர்க் கால்வாயை ஒப்படைத்தார்கள். அந்தக் கால்வாய் இன்றும் ஓடுகிறது. அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்க்காமல் வருவதில்லை.

டிரேசிங் துணி கஞ்சி போட்டு வழவழப்பாக்கியது, லேசான நீலநிறத்தில் இருக்கும். அதன்மேல் முதலில் சுண்ணத்தூளைத் தூவி எண்ணெய்ப்பசை போகத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மை ஒட்டாமல் முத்து முத்தாக உருளும். பிழை வந்தால் பிளேடைச் சாய்த்துப் பிடித்து, துணி கிழியாமல் மையை மட்டும் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் சுரண்டினால் ஓட்டை விழும். எங்கள் முதல் எதிரி வியர்வை. ஒரு சொட்டு விழுந்தால் கஞ்சி கரைந்து துணி பொருபொருவென்று வெளுத்துவிடும். மேலே காற்றாடியைப் போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் நெற்றி சொட்டும். கையின் கீழே மையொற்றித் தாளும் நெற்றியில் கைக்குட்டைக் கட்டுமாகப் பன்னிரண்டு பேர் தலைவலிக்காரர்கள் போல வரிசையாக உட்கார்ந்திருப்போம். பார்க்க வந்தவர்கள் மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தயங்கியதுண்டு.

எங்களை மேய்த்தவர் தலைமை வரைவாளர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். மலாயாவுக்கு இளம் வயதில் வந்தும் பேச்சில் ஊரைக் கடுகளவும் விட்டுக்கொடுக்காதவர். எந்த வெயிலிலும் கழுத்துப்பட்டையைத் தளர்த்த மாட்டார். அவர் வியர்த்து நாங்கள் பார்த்ததில்லை. அவருக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது என்றும், அதனால்தான் பதவி உயர்வு கிடைத்தது என்றும் எங்களுக்குள் ஒரு கட்சி இருந்தது.

நாங்கள் முடித்த டிரேசிங்கை அவரிடம் கொண்டுபோனால் முதலில் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பின்பக்கமாகப் பார்ப்பார். முன்பக்கத்தில் கண்ணுக்குப் பழகிப்போன பிழை பின்பக்கத்தில் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. பிறகு பென்சிலின் பின்முனையால் ஓர் இடத்தைத் தொடுவார். தொட்ட இடத்தில் கட்டாயம் ஏதாவது இருக்கும்.

அவருக்கு வேதம் ஒன்றே ஒன்றுதான். தாளில் இருப்பதைப் படியெடு, உனக்குத் தெரிந்ததைப் படியெடுக்காதே. ஒருமுறை என் பக்கத்து மேசைக்காரர் ஒரு வடிகாலை விட்டுவிட்டார். அதைப் போன மாதமே மண் கொட்டி மூடிவிட்டார்கள், தன் கண்ணாலேயே பார்த்ததாக வாதாடினார்.

“நீர் கண்டது உம்மோடை இருக்கட்டும்” என்றார் கனகசபை. “தாளிலை என்ன கிடக்கு?”

“வடிகால் இருக்கு சார்.”

“அப்ப போடும்.”

மூடிய வடிகாலைத் திறந்து வரைய இரண்டு நாள் ஆயிற்று. மண் கொட்டியவர்கள்கூட அவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டார்கள்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலக நடைபாதையில், எழுதுபொருள் அறைக்கு எதிரே, ஒரு பழைய கல்லச்சுப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுப்போனது. அவர் தம்முடைய நாய், பியானோ, மூன்று மூங்கில் நாற்காலிகள் எல்லாவற்றையும் கப்பலேற்றியவர். இதை மட்டும் விட்டுப்போனார் என்றால் அதன் மதிப்பை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

படம் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுவில் ஓட்டுக்கூரை போட்ட, செங்கல்லால் கட்டிய ஒரு சின்னக் கட்டடம். சுவர் விழாமல் தாங்க மூலைகளில் இரண்டு தடித்த முட்டுச்சுவர்கள், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. கூரையின் முகப்பு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. முன்னால் இரண்டு மாடுகள், சீமைப் பால்டின் மாடுகளைப் போலக் கொழுத்தவை. குடை பிடித்த ஒரு துரை. பின்னணியில் மலைத்தொடர். சிராங்கூன் சாலையிலிருந்து பார்த்தால் எந்த மலைத்தொடர் தெரியும் என்று கேட்கக்கூடாது. வரைந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டடத்தை மட்டும் எதையும் கூட்டாமல், பெயர்ந்த சுண்ணாம்பு வரைக்கும் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தார். கீழே ஆங்கிலத்தில், சாய்ந்த எழுத்தில், ‘சிராங்கூன் சாலையருகே ஓர் எளிய பழைய கட்டடம்’ என்று இருந்தது. கூரைக்கு மேல் பழுப்பாகப் புகை எழும்பி, படத்தின் மேல்விளிம்பு வரை போயிற்று. பத்து ஆண்டுகள் பென்சில் வாங்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதைவிடக் கடந்து போனேன் என்பதுதான் சரி.

அறுபதுகள் வந்தன. ஊரில் எங்கு பார்த்தாலும் இடிப்பும் கட்டுமாக இருந்தது. நான் அப்போது டிரேசர்களில் மூத்தவன். வெளியே போய் அளவெடுக்கவும் அனுப்பினார்கள். ஒருநாள் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சாலை அகலப்படுத்துவதற்காக எடுக்கப்போகும் இடங்களை அளக்கப் போனேன். சந்துக் கோடியில் இருந்த கட்டடம் பட்டியலில் ‘மாட்டுக் கொட்டகை’ என்று இருந்தது. வாசலில் இட்லிக் கொப்பரையைக் கழுவிக்கொண்டிருந்தவர் அஞ்சலை.

அஞ்சலையை எனக்கு முன்பே தெரியும். காலையில் தேக்கா சந்தை வாசலில் இட்லி விற்பவர். நான் அவருடைய நிரந்தர வாடிக்கை. அவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் கட்டடத்தில்தான் அவரும், வாதம் வந்து ஒரு கையும் காலும் விளங்காமல்போன கணவர் வீரனும், மூன்று பிள்ளைகளும் பதினாறு வருடமாகக் குடியிருந்தார்கள். வீரன் ஒருகாலத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். மாடு போய், வண்டி போய், அவர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

“தம்பி, இது உங்க ஆபீஸ் வேலதானா?” என்றார் என் அளவுநாடாவைப் பார்த்து. “ஒரு சார் வந்தாரு. நான் இட்லி அவிச்சிக்கிட்டு இருக்கேன், வெறகு ஈரம், ஒரே புகை. கண்ணக் கசக்கிக் கசக்கி எழுதுறாரு, கொட்டகைன்னு. மாடு இட்லி அவிக்குமா சார்னு கேட்டேன். ரெக்கார்டுல அப்படித்தான் இருக்குதுன்னுட்டாரு லா.”

எங்கள் விதி அப்படி. பழைய வசிப்பிடம் என்று பதிவான இடத்தில் இருப்பவர்களுக்கு அடுக்குமாடியில் மாற்று வீடு கிடைக்கும். கொட்டகை, கிடங்கு என்று பதிவான இடத்தில் இருப்பவர்களுக்கு வெளியேறும்படி நோட்டீஸ் மட்டும்தான் கிடைக்கும். ஆட்சேபம் இருந்தால் விசாரணையில் சொல்லலாம், ஆனால் அந்தக் காலத்திலிருந்தே அது வீடுதான் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இன்று அங்கே யார் சமைக்கிறார்கள், யார் படுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது.

“நோட்டீஸ் வந்தா எங்க போவீங்க?” என்று கேட்டேன்.

“எங்கன்னு போறது? இவர எந்தக் கம்போங்குக் குடிசைக்குத் தூக்கிக்கிட்டுப் போறது? ரொம்ப சூசா, ரொம்பக் கஷ்டம் தம்பி.” அதைச் சொல்லும்போதும் கொப்பரையைக் கழுவும் கை நிற்கவில்லை. எனக்குத்தான் நாடாவில் எண் தெரியாமல் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

வெளிச்சுவரை அளக்கும்போதுதான் உறைத்தது. இரண்டு முட்டுச்சுவர், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. சரிந்த முகப்பு. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே! அலுவலகத்துக்கு வந்ததும் பென்சில்கூடத் தேவைப்படாமல் எழுதுபொருள் அறைக்கு எதிரே போய் நின்றேன். அதே கட்டடம்தான். நான் துள்ளியதற்கு நீதியுணர்ச்சி காரணம் என்று எழுத ஆசைதான். அஞ்சலையின் தேங்காய்ச் சட்னிக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டாம்.

படத்தைக் கழற்றிக் கொண்டுபோய்க் கனகசபையின் மேசையில் வைத்தேன். என் அளவுக் குறிப்பை ஒரு பக்கமும் பூதக்கண்ணாடியை ஒரு பக்கமுமாக வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார்.

“கட்டடம் உதுதான் எண்டு வைச்சுக்கொள்ளுவம். கீழை என்ன எழுதியிருக்கு?”

“எளிய பழைய கட்டடம்னு சார்.”

“கட்டடம். வீடு எண்டு இல்லை. மாட்டுக் கொட்டகையும் கட்டடம்தானே?”

“புகை இருக்கு சார்” என்றேன். “மாடு அடுப்பு மூட்டாதுல்ல?”

அவர் கூரைக்கு மேல் பூதக்கண்ணாடியைக் கொண்டுபோனார். கண்ணாடிச் சட்டத்தின் தூசிக்கு அடியில் பழுப்புப் புகை தெரிந்தது. “ம்” என்றார். பிறகு, “படியெடும்” என்றார். மூலப்படத்தைக் கோப்பில் கோக்க முடியாது. கையெழுத்திட்ட டிரேசிங்கைத்தான் கோக்கலாம் என்பது நடைமுறை.

அதுவரை நான் கோடுகளைத்தான் படியெடுத்திருந்தேன். புகையில் கோடு கிடையாது. கல்லச்சில் அது வெறும் பழுப்பு நிறம், மெல்ல அடர்ந்து மெல்லக் கரையும். டிரேசிங் துணியோ கோட்டைத் தவிர வேறெதையும் ஏற்காது. ஆகவே முதன்முறையாக என் சொந்த மூளையைப் பயன்படுத்தினேன். மெல்லிய கோட்டில் மூன்று சுருள் போட்டேன். ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, நுனியில் வளைந்து, பார்ப்பவர் இருமுகிற மாதிரியான புகை. அவ்வளவு நேர்த்தியாக நான் அதற்கு முன்பும் வரைந்ததில்லை, பின்பும் வரைந்ததில்லை.

கையெழுத்திடுமுன் கனகசபை நகலையும் மூலத்தையும் ஒப்பிடுவார். கண்ணாடி இடையில் இருக்கக்கூடாது என்பதால் படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்தார். அதைச் சுற்றி ஒட்டியிருந்த அட்டைக்கட்டையும் கவனமாகப் பிரித்தார். அட்டைக்குப் பின்னால் மறைந்திருந்த பாகம் அப்போதுதான் தெரிந்தது. படத்தைச் சுற்றி அச்சிலேயே ஒரு கறுப்பு எல்லைக்கோடு. கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் அகலத்துக்கு வெற்று ஓரம்.

புகை கோட்டைத் தாண்டி அந்த வெற்று ஓரத்திலும் இருந்தது. ஓரம் முழுக்கப் பரவி, தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்திலும் இருந்தது.

எந்தக் காலத்திலோ எந்தச் சுவரிலோ இருந்து இறங்கிய ஈரம் அது. கறை. பத்து ஆண்டு நாங்கள் பார்த்துப் போன புகை வெறும் கறை.

“தம்பி” என்றார் கனகசபை, “இந்தப் புகை கோட்டைத் தாண்டிப் போகுது.”

“காத்து பலமா அடிச்சிருக்கும் சார்.” பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நான் மேசை இழுப்பறையைத் திறந்து பிளேடை எடுத்தேன். மூன்று சுருளையும் சுரண்ட அரைமணி நேரம் போதும். அதன்பின் அஞ்சலைக்கு ஆதாரம் என்று எதுவும் மிஞ்சாது.

“உதை மேசையிலை வையும்” என்றார் கனகசபை.

வைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். அவர் எதையும் இரண்டாம் முறை செய்து நான் பார்த்ததில்லை.

“நீர் கோட்டுக்கு உள்ளை இருக்கிறதைத்தானே படியெடுத்தனீர்?”

“ஆமா சார்.”

“உள்ளை பழுப்பாய் ஒண்டு கிடக்கு.”

“கிடக்கு சார்.”

“தாளிலை கிடக்கிறதை விட்டுப்போட்டு வரையச் சொல்லி நான் ஆருக்கும் சொன்னதில்லை.” பேனாவை எடுத்து, டிரேசிங்கின் மூலையில், ‘கண்ணாடிச் சட்டத்துக்குள் தெரிகிறபடி எடுத்த உண்மை நகல்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு அட்டைக்கட்டைப் பழைய இடத்திலேயே பொருத்தி, சட்டத்தின் ஓரத்தில் ஒரு புது ஆணியைத் தாமே அடித்தார். அந்த வேலைக்கு ஆள் இருந்தும் கூப்பிடவில்லை.

எனக்கு அன்றிலிருந்து அஞ்சலையின் ஆட்சேப விசாரணை நாள் வரை சாப்பாடு இறங்கவில்லை. மாட்டிக்கொண்டால் போவது என் வேலை மட்டுமில்லை, அவருடைய கையெழுத்தும்தான். அவருக்கு ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே இருந்தன. சட்னியால் வந்த வினை.

விசாரணை முற்பகல் நடந்தது. அதிகாரி லிம், என் வயதுதான் இருக்கும். புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர், வெட்டிப் பேச்சு கிடையாது. வழக்கமான மொழிபெயர்ப்பாளர் விடுப்பில் இருந்ததால் கனகசபையையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவர் மொழிபெயர்ப்பும் டிரேசிங் மாதிரிதான். இருமினால் இருமலையும் சேர்த்துத் தருவார்.

அஞ்சலை கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். லிம் சட்டம் போட்ட படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, இதுதான் உங்கள் வீடா என்று கேட்டார். கனகசபை தமிழில் கேட்டார். ‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அஞ்சலை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

“இது எங்க வூடு இல்லீங்க” என்றார்.

நான் கனகசபையைப் பார்த்தேன். ஐயா, இந்த ஒரு முறை உங்களுக்குக் காது கேட்காமல் போகட்டும் என்று மனதுக்குள் வேண்டினேன். அவர் ஒரு எழுத்துக் குறையாமல் மொழிபெயர்த்தார்.

“ஏன் இல்லை?” என்றார் லிம்.

“எங்க வூட்டுக்கு வாசல் சோத்தாங்கைப் பக்கம். இதுல பீச்சாங்கைப் பக்கமில்ல இருக்கு? குட்டச் செவுரும் நெட்டச் செவுரும் எடம் மாறிக் கெடக்கு. இது வேற யாரோ வூடு.”

அதையும் கனகசபை மொழிபெயர்த்தார். முடித்துவிட்டுப் படத்தைப் பார்த்தபடியே நின்றார். நானும் பார்த்தேன். அஞ்சலை சொன்னது முழுக்க உண்மை. நாடா பிடித்து அங்குலம் அங்குலமாக அளந்தவன் நான், பூதக்கண்ணாடி பிடித்தவர் கனகசபை. இரண்டு பேரும் கவனிக்காததை இட்லிக்காரர் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். வீட்டுக்குள் பதினாறு வருடம் போய் வந்தவருக்கு வாசல் எந்தப் பக்கம் என்று தெரிந்திருப்பதில் வியப்பில்லை. எங்கள் நிலைதான் பரிதாபம்.

கனகசபை அனுமதி கேட்டு ஆங்கிலத்தில் பேசினார். கல்லச்சில் ஓவியர் கல்லின் மேல் வரைகிறார், தாளைக் கல்லின் மேல் கவிழ்த்து அழுத்துகிறார்கள், ஆகவே இடம் வலமாகவும் வலம் இடமாகவும் விழும். விவரம் தெரிந்தவர் முதலிலேயே மாற்றி வரைந்துவிடுவார், இவர் நேராக வரைந்திருக்கிறார். லிம் மேசையிலிருந்த ரப்பர் முத்திரையை எடுத்து அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டார். புரிந்துவிட்டது.

“அப்படியானால் கீழே எழுத்து மட்டும் எப்படிச் சரியாக இருக்கிறது?”

“எழுத்து அச்சுக்கூடத்துக்காரர் போட்டது, சார். எழுத்து மாறினால் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கட்டடம் மாறினால் அதில் குடியிருப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும்.”

சொல்லிவிட்டு என் டிரேசிங்கைக் கோப்பிலிருந்து எடுத்தார். ஆயிரம் முறை செய்ததுபோலத் திருப்பி, ஜன்னல் கண்ணாடியில் பின்பக்கமாக வைத்துப் பிடித்தார். வெயில் துணி வழியாக வந்தது. வாசல் வலது பக்கம் போயிற்று. குட்டைச் சுவரும் நெட்டைச் சுவரும் இடம் மாறி நின்றன.

அஞ்சலை எழுந்து ஜன்னலுக்கே போய்விட்டார். “ஆத்தாடி! இதேதாங்க. இந்தக் குட்டச் செவுத்துலதான் எங்க வூட்டுக்காரரு சாய்ஞ்சி ஒக்காந்திருப்பாரு.” விரலை வைத்துத் தடவினார். நான் வரைந்த கோட்டை அப்படி யாரும் தொட்டதில்லை.

லிம்மும் எழுந்து வந்தார். அவர் விரல் கூரைக்கு மேலே போய் என் மூன்று சுருளில் நின்றது. “இது என்ன என்று கேளுங்கள்.”

“பொகை மாதிரி இருக்குங்க” என்றார் அஞ்சலை. “ஆனா எங்க பொகை இப்பிடி அழகாச் சுருண்டு வராது. கப்புனு அடைக்கும்.” கனகசபை அதையும் விடவில்லை, ‘கப்புனு’ என்பதற்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடிப் போட்டார்.

“மிஸ்டர் கனகசபை, இது புகையா?”

“புகை என்று வரையப்பட்டிருக்கிறது, சார்.”

“யார் வரைந்தது?”

“என் டிரேசர்.”

லிம் என்னைப் பார்த்தார். “தாளில் இருந்ததை வரைந்தாயா?”

“தாளில் இருந்ததைத்தான், சார்.”

அந்த அறையில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். எல்லோரும் அரசாங்க ஊழியர்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னோம். லிம் பூதக்கண்ணாடியை வாங்கி மூலப்படத்தின் மேல் குனிந்தார். கூரையிலிருந்து மேல்விளிம்பு வரை மெதுவாகப் போனார். அட்டைக்கட்டின் ஓரத்தில் நின்றார். அங்கே புதிதாக அடித்த ஆணி ஒன்று மற்றவற்றைவிடப் பளபளவென்று இருந்ததை நானே அப்போதுதான் பார்த்தேன். அவர் அதன்மேல் கட்டைவிரலை வைத்து ஒருமுறை தேய்த்தார். உட்கார்ந்து எழுதினார்.

“பழைய வசிப்பிடம். மாற்று வீடு தரலாம்” என்று வாசித்தார். கோப்பை மூடிப் படத்தை எங்களிடம் நீட்டினார். “இதை வேறு சட்டத்தில் போடச் சொல்லுங்கள், மிஸ்டர் கனகசபை. கறை பரவிக்கொண்டே போகிறது.”

“சொல்கிறேன், சார்” என்றார் கனகசபை.

தெரிந்தே எழுதியிருக்கிறார். அந்த நிமிடத்தில் அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் அதற்கு எங்கள் அலுவலகத்தில் நடைமுறை எதுவும் இல்லை.

கனகசபை அஞ்சலையிடம் தீர்ப்பைச் சொன்னார். ஏழாவது மாடியில் வீடு, மின்தூக்கி உண்டு, வீரனைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். லிம் விதிகளையும் சொல்லச் சொன்னார். அடுக்குமாடியில் விறகடுப்பு மூட்டக்கூடாது. மண்ணெண்ணெய் அல்லது வாயு அடுப்புதான். புகை வரக்கூடாது.

“பொகையே வராதா?” என்றார் அஞ்சலை, முந்தானையை இறக்கி.

“வராது அம்மா.”

அவர் படத்தைப் பார்த்தார், லிம்மைப் பார்த்தார். முகத்தில் மறுபடி கவலை வந்து உட்கார்ந்தது. “இல்லீங்க, நான் கேக்குறது என்னன்னா, தெனம் நான் மூட்டுன பொகைய யாரும் நம்பல. இந்தப் படத்துல இருக்குற பொகையப் பாத்துத்தான் வூடுன்னு எழுதினாங்க. இப்பப் பொகையே இல்லாத எடத்துக்குப் போகச் சொல்றீங்க. நாளைக்கு இன்னொரு சார் வந்து இது வூடு இல்லன்னு எழுதினா, நான் எதங்க காட்டுறது?”

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் லிம், பேனாவை மூடியபடி.

கனகசபை அஞ்சலையைப் பார்த்தார். கழுத்துப்பட்டைக்குள் விரலை விட்டு, நான் பார்க்க முதன்முறையாக, அதைக் கொஞ்சம் தளர்த்தினார்.

“உங்களுக்கு நன்றி சொல்கிறார், சார்” என்றார்.